யாரும் நகர்த்தாத வேலி

எங்கள் வேலியில் முப்பத்தொரு கம்புகள் இருந்தன. எல்லாம் கிளிரிசிடியா. வெட்டி ஊன்றினால் மழைக்குத் துளிர்த்து, சில வருடங்களில் மரமாகி, தன்மேல் ஆணி அடித்துக் கட்டிய முட்கம்பியையும் தோலுக்குள் இழுத்துக்கொள்ளும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி மேலே ஏறும் ஒழுங்கைகளில், சரிவாக இருக்கும் காணிகளுக்கெல்லாம் இந்த வேலிதான். வேலிக்குக் கீழே என் காணி. மேலே, பஜாரில் தையற்கடை வைத்திருந்த நானாவின் காணி. இப்போது அவர் வீட்டுக்குக் கூரை இல்லை, ஜன்னல்கள் இல்லை, ஆட்களும் இல்லை. மழைதான் அந்த வீட்டைக் கொண்டுபோனது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் மழை வருவதற்கு நாலு வருடத்துக்கு முன்பே அந்த மலை நகரத் தொடங்கியதை அளந்து வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அளந்தது மலையைத்தான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. நானா என் நிலத்தைத் திருடுகிறார் என்று நினைத்தேன்.

கலஹாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவன் நான். காலையில் ஆள் கணக்கு, மாலையில் கொழுந்து நிறை, மாத முடிவில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. எண்ணுவது முதலில் வேலையாக இருந்தது, பிறகு பழக்கமானது, ஓய்வு பெற்றபின் வியாதியாகிவிட்டது. பஸ்ஸில் ஏறினால் ஆசனங்களை எண்ணுவேன். கோயிலுக்குப் போனால் விளக்குகளை எண்ணுவேன். என் மனைவிக்கு இது பழகிவிட்டது. "சோத்துப் பருக்கையையும் எண்ணிட்டே சாப்பிடுங்க, ஆறட்டும்" என்பாள்.

எங்கள் குடும்பத்தில் சொந்தப் பெயரில் நிலம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். அப்பா பிறந்த லயக் காம்பரா, தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறை, தோட்டத்துக்குச் சொந்தம். அதற்கு முன்னால் அவர் அவரைக்கொடி போட்டிருந்த துண்டு நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். ஒருநாள் அந்த இடத்தில் குழி வெட்டவேண்டும் என்று துரை சொன்னபோது, பூத்திருந்த கொடிகளை அப்பா ஒரே காலையில் பிடுங்கிப் போட்டார்.  நிலம் குறைந்தால் அதை யாரோ எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் நாங்கள் கற்ற பாடம். நிலம் தானாகப் போகும் என்பது எங்கள் கணக்கில் இல்லை. அதனால் பதினான்கு பேர்ச் காணியை என் பெயருக்கு எழுதி வாங்கிய நாளிலிருந்து அதன் ஒவ்வொரு அங்குலத்துக்கும் நான் காவல்.

காணியின் பின்பக்கத்தில் ஒரு பாறை வெளியே தெரியும். என் வீடு அந்தப் பாறையின் நீட்சியின்மேல்தான் நிற்கிறது. பாறையில் சீமெந்து வைத்துத் துணி துவைக்கும் கல் ஒன்றைப் பதித்திருந்தோம். அந்தக் கல்லின் மூலையிலிருந்து நேர் மேலே உள்ள ஏழாவது வேலிக்கம்பு வரை பதினோரு அடி நாலு அங்குலம். ஒவ்வொரு பொங்கலுக்குப் பிறகும் வேலியின் கிளைகளைக் கழிக்கும்போது டேப்பை நீட்டிப் பார்ப்பேன். பல வருடங்கள் அது மாறவில்லை. மாறாமல் இருப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அப்போதெல்லாம் மேல்வீட்டோடு எங்களுக்கு நல்ல உறவு. பெருநாளுக்கு அங்கிருந்து வட்டிலாப்பம் வரும். பொங்கலுக்கு இங்கிருந்து பானையோடு போகும். என் மகன் கல்யாணத்துக்கு எனக்குக் கோட் தைத்துத் தந்தவரும் நானாதான். அவரைவிட நான் பத்து வயது மூத்தவன். ஆனாலும் ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். எனக்கும் அப்படியே. அவருக்கு ஒரே மகள். அவர்கள் வழக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொள்பவர் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்குப் போகும். மகளுக்கு வயது வந்ததும் நானா தன் முற்றத்தில் மண்ணை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, நிலத்தைச் சமப்படுத்தி, புதிதாக ஓர் அறை கட்டினார். மேல்பக்கத்து எல்லைக்கற்கள் இரண்டும் அந்த நிரப்பு மண்ணுக்குள் போய்விட்டன. அதன்பின் எங்களுக்கு நடுவில் எல்லை என்று இருந்தது வேலி மட்டும்தான்.

அடுத்த பொங்கலுக்கு அளந்தபோது பதினோரு அடி ஓர் அங்குலம்.

மூன்று முறை அளந்தேன். டேப்பை மாற்றி அளந்தேன். பிறகு வேலியருகே போய் நின்றேன். நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நானா, வேலி கொஞ்சம் கீழ வந்திருக்கு."

"வேலி எப்பிடி ஐயா வரும்? அதுக்குக் கால் ஈக்கா?"

"மூணு அங்குலம் வந்திருக்கு."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மூணு அங்குலத்த வச்சி நான் என்ன செய்ய? சேர்ட் கைக்கு மடிப்பு வைக்கவும் காணாதே."

நல்ல நகைச்சுவைதான். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்று அது கேலியாகப் பட்டது. வேலி எப்படி வரும் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு நான் அங்கேயே நின்று பதில் தேடியிருக்கவேண்டும். அவர் சிரித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

அடுத்த வருடம் பத்து அடி எட்டு அங்குலம். கம்புகள் என் பக்கமாகச் சாய்ந்தும் இருந்தன. அறை கட்டி மிஞ்சிய செங்கற்களை அவர் வேலிக்கு அப்பால் அடுக்கியிருந்தார். அவை தள்ளுகின்றன என்றேன். அவர் செங்கற்களை எடுத்துவிட்டார். சாய்வு நிமிரவில்லை. கிராம சேவகரிடம் போனேன். அவர் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை மண்டபத்தில், மூன்று மத்தியஸ்தர்கள் முன்னால் நாங்கள் இருவரும் பிளாஸ்டிக் கதிரைகளில் உட்கார்ந்தோம். நான் டேப்பையும் கொண்டு போயிருந்தேன். கேட்கப்படாமலேயே அதை நீட்டிக் காட்டினேன்.

நானா அதிகம் வாதாடவில்லை. அப்போது அலவத்துகொடவிலிருந்து மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசத் தொடங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஊரில் விசாரிக்கும் நேரத்தில் தன் பெயர் சபையில் இழுபடுவதை அவர் விரும்பவில்லை. வேலி முன்னால் வந்திருப்பதாக ஒப்புக்கொண்டு, தன் செலவில் பின்னால் நகர்த்தித் தருவதாகக் கையெழுத்துப் போட்டார். நான் வென்றவன்போல வீட்டுக்கு வந்தேன். மனைவி மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை அங்குலம் கெடச்சிச்சு?"

"எட்டு."

"அதுல என்னா நடப் போறீங்க?"

நான் டேப்பைச் சுருட்டி வைத்தேன். உண்மையில் அந்த எட்டு அங்குலத்தில் இன்றுவரை எதையும் நடவில்லை.

கம்புகளைப் பிடுங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. நானாவும் ஒரு கூலியாளுமாக இரும்பு அலவாங்கு போட்டு நெம்பி ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கம்பு என்று சொல்கிறேனே தவிர, எல்லாம் தொடை அளவு பருத்த மரங்கள். வேர்கள் மண்ணைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வந்தன. அவ்வளவு ஆழத்துக்கு அவை இறங்கியிருந்ததைப் பார்த்து எனக்கே வியப்பு. வேர்களை வெட்டி எறிந்துவிட்டு, புதிய குழிகளில், நான் பிடித்த கயிற்றுக்கு நேராக மறுபடி ஊன்றினார்கள். பன்னிரண்டு கம்புகள் பட்டுப்போயின. அவற்றுக்குப் பதிலாக நட்ட புதுக்கம்புகள் அடுத்த மழைக்குள் வேர்பிடிக்கவில்லை.

அந்தப் பெருநாளுக்கும் வட்டிலாப்பம் வந்தது. மகள்தான் கொண்டுவந்தாள், மூடிபோட்ட எவர்சில்வர் பாத்திரத்தில். வாசலில் நின்று நான், எனக்குச் சீனி வியாதி இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தேன். எனக்கு அந்த வியாதி கிடையாது. அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். என் மனைவி பின்னால் நின்றிருந்தாள்.  அதற்குப் பிறகு மேல்வீட்டிலிருந்து எதுவும் வரவில்லை. எங்கள் பொங்கலும் போகவில்லை.

மறு பொங்கலுக்குப் பதினோரு அடிதான். நாலு அங்குலம் குறைவு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தும் ஆள் திருந்தவில்லை என்று நினைத்தேன். வேலியில் இன்னும் இரண்டு வரி முட்கம்பி இழுத்தேன். அதற்கடுத்த பொங்கலுக்குப் பத்து அடி ஆறு அங்குலம். இப்போது எனக்கு ஆத்திரம் இல்லை, ஒருவிதத் திருப்தி. என் சந்தேகம் எண்ணிக்கையோடு நிரூபணமாகிக்கொண்டிருந்தது. கீழேயுள்ள தேத்தண்ணிக் கடையில், ஆட்கள் இருக்கும்போது, மேல்வீட்டுக்காரன் காணிக் கள்ளன் என்று சொன்னேன். அந்தச் சொல் எத்தனை நாளில் மேலே ஏறிப்போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. சேர்ந்துவிட்டது என்பது பிறகு தெரிந்தது.

என்னால் இன்னும் சீரணிக்க முடியாதது இதுதான். மலை நகர்ந்தால் எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும் காண்களைப் பார்த்துவரக் கங்காணியை அனுப்புவோம். காண் வெடித்திருந்தால், மரம் சாய்ந்திருந்தால், லயத்து ஆட்களை உடனே பாடசாலைக்கு இறக்குவோம். எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளைகள் என்று எழுதியவன் நான்தான். இங்கே நானாவின் பலாமரம் ஓடைப் பக்கமாகச் சாய்ந்ததைப் பார்த்தேன். நாங்கள் சமைக்கும் பின்குசினியின் காண் இரண்டாக வெடித்ததைப் பார்த்தேன். சீமெந்து கலந்தவன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டினேன். அடுத்தவன் காணியாக இருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பேன். என் காணி என்றவுடன் எனக்குத் திருடன் மட்டும்தான் தெரிந்தான்.

பிறகு அந்த மழை வந்தது. விடாமல் பெய்தது. மகாவலி பாலத்துக்குக் கீழே சேற்று நிறத்தில் வீங்கி ஓடியது. ஒரு மத்தியானம் மேலே லொறியிலிருந்து கருங்கல் கொட்டுவதுபோலச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், நானாவின் முற்றத்துக்குக் குறுக்கே நிலம் வாய் பிளந்திருந்தது. புது அறையின் சுவரில் கீழிருந்து மேல்வரை வெடிப்பு. அவர்கள் மூவரும் மழைக்குள் வெளியே நின்றார்கள். நானா தையல் மெஷினின் தலையைப் பொலித்தீனில் சுற்றித் தோளில் வைத்திருந்தார். என் மனைவி வேலியருகே ஓடி, இந்தப் பக்கமாக இறங்கி வாருங்கள் என்று கூப்பிட்டாள். நானாவின் மனைவி வேலியைப் பார்த்தார். ஐந்து வரி முட்கம்பி. பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேற்பாதையால் சுற்றிப் போனார். நானாவும் பின்னால் போனார்.

அன்று மாலை அந்த மேற்பாதை சரிந்து ஓடைக்குள் விழுந்தது. அவர்கள் போய் வெகுநேரத்துக்குப் பிறகுதான் விழுந்தது. ஆனால் அதை நினைக்கும்போது என் மனம் ஒருபோதும் அந்த நேரத்தைச் சரியாகப் போட்டுப் பார்ப்பதில்லை. அவர்கள் பாதையில் இருக்கும்போதே விழுவதாகத்தான் போட்டுப் பார்க்கிறது.

வீடு விழவில்லை. மழை விட்டபின் பார்த்தால் ஓர் அறையில் வெடிப்பு, முற்றத்தில் பிளவு, மற்றபடி நின்றுகொண்டிருந்தது. குடும்பம் அலவத்துகொடவில் நானாவின் மைத்துனர் வீட்டில் இருந்தது. மண்சரிவைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து சோதித்து, திருத்திக்கொண்டு குடியிருக்கலாமா, கூடாதா என்று சொல்வார் என்றார்கள். அதற்கு முதல்நாள் பின்னேரம் நானா என் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் உள்ளே வரச் சொன்னேன். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். மனைவி பாலில்லாத பிளேன்டி கொண்டுவந்து வைத்தாள். மழையில் யார் யாருக்கு என்ன ஆனது என்று கொஞ்சம் பேசினோம். பிறகு அவர் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்:

"நாளைக்கு அந்த மண்சரிவு ஆபீஸ் நோனா வாறா ஐயா. வேலியப் பாத்தா கட்டாயம் கேப்பா, இது எப்பிடி வளஞ்சதுண்டு."

"கேக்கட்டும்."

"நான் அசச்சதுண்டு செல்லுங்க."

அப்படிச் சொல்லும்படி அவரே கேட்பது எனக்கு விளங்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாலு வருஷமா செல்றதுதானே. இன்னும் ஒருக்கா செல்லுங்க. நானும் ஓமுண்டு செல்றன். சபையில கையெழுத்து வச்ச கடுதாசியும் ஈக்கி, அதயும் காட்டுறன்."

நிதானமாக விளக்கினார். எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். வேலியை மனிதன் நகர்த்தியிருந்தால், நிலம் இந்த ஒரு மழையில் மட்டும்தான் அசைந்தது. நிரப்பிய மண் அமுங்கியது, அவ்வளவுதான். அணைகட்டி அறையைத் திருத்திக்கொள்ளலாம். வேலி தானாக வந்திருந்தால், மலை பல வருடமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் அந்த வீட்டில் இனி யாரும் குடியிருக்க விடமாட்டார்கள்.

நான் அவரிடம் நாலு வருடத்தில் முதல் தடவையாக அதைக் கேள்வியாகக் கேட்டேன். "நீங்க அசச்சீங்களா நானா?"

"அல்லா அறிய, ஒரு கம்பயும் தொடல்ல."

 பிறகு அவர் சொன்னார், புது அறையின் நிலத்தில் இரண்டு வருடமாக வெடிப்பு இருந்தது என்று. தானே சீமெந்து பூசினாராம். மறுபடி வெடித்ததாம். மறுபடி பூசி, மேலே பாய் விரித்தாராம்.

"ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"யாருக்கிட்ட செல்ற? ஒங்களுக்கிட்டயா?" அவர் குரல் உயரவில்லை. "நீங்க அதயும் அளந்துக்கிட்டு சபைக்குப் போயிருப்பீங்க."

உண்மைதான். போயிருப்பேன். அனுமதியில்லாமல் கட்டிய அறை, அதனால் வெடித்தது, அதனால்தான் வேலியைத் தள்ளுகிறது என்று அதையும் என் பட்டியலில் சேர்த்திருப்பேன். ஒரே மலையின் பாதி அடையாளம் என் டேப்பிலும், மற்றப் பாதி அவருடைய பாயின் கீழும் இருந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை பேசக்கூடிய இடத்தை நான் அவருக்கு வைக்கவில்லை.

கதவோரம் நின்ற என் மனைவி கேட்டாள், "அந்த வீட்டுல புள்ளைய படுக்க வைப்பீங்களா நானா?"

"வீட்ட செல்லித்தான் சம்பந்தம் முடிச்சது அக்கா. வீடு இல்லாட்டி என்னத்தக் காட்டி மாப்பிள்ளயக் கூப்புடுற?"

பிளேன்டியைக் குடித்து முடித்து, கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போனார். எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் விட்டதும் ஒரு கோழைத்தனம்தான்.

மறுநாள் வந்த அதிகாரி என் மகளைவிட இளைய பெண். முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருந்தார். பலாமரத்தைப் பார்த்தார், பிளவுக்குள் கோலை இறக்கிப் பார்த்தார், அறைக்குள் போய் வந்தார். கடைசியில் வேலியருகே வந்து, நேராக நட்ட வேலி ஏன் இப்படி வயிறு தள்ளி நிற்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். நானா முந்திக்கொண்டார். தான் இரண்டு முறை நகர்த்தியதாகவும், அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் முறையிட்டதாகவும், சபையில் ஒப்புக்கொண்டதாகவும் சொல்லிக் கடிதத்தை நீட்டினார். சொல்லும்போது முகத்தில் வெட்கத்தைக்கூடக் கொண்டுவந்திருந்தார். நாலு வருடமாக நான் அவரிடம் பார்க்க விரும்பிய முகம் அது.

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். முறையிட்டவனே நான்தானே. நான் தலையாட்டினால் போதும்.

புது அறையின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே, கல்யாணத்துக்கென்று வாங்கி இன்னும் பொலித்தீன் பிரிக்காத மெத்தை ஒன்று சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் தலையாட்ட முடியவில்லை. அவர் நகர்த்தவில்லை என்று சொன்னேன். துவைகல்லைக் காட்டினேன். அது பாறையில் இருக்கிறது, அசையாது என்றேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் என்ன அளவு என்று வரிசையாகச் சொன்னேன். எனக்கு அவை மனப்பாடம். அதிகாரி டேப்பை என்னிடமே கொடுத்து அளக்கச் சொன்னார். எட்டு அடி இரண்டு அங்குலம். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தும் ஏன் ஓர் அலுவலகத்துக்கும் அறிவிக்கவில்லை என்று கேட்டார். இவர் எடுக்கிறார் என்று நினைத்தேன் என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. பழைய வேலியின் வேர்கள் அப்படியே இருந்திருந்தால் கொஞ்சம் பிடித்திருக்குமா என்று நானே கேட்டேன். கொஞ்சம் பிடித்திருக்கும், ஆனால் நிறுத்தியிருக்காது என்றார். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று கேட்க நான் வாயெடுத்தேன், கேட்கவில்லை.

என் வீடு பாறையில் நிற்பதால் இருக்கலாம் என்றார். பின்குசினியை மட்டும் பாவிக்கக்கூடாது, பெருமழை என்றால் இறங்கிவிட வேண்டும். மேல்வீட்டில் இனி யாரும் குடியிருக்கக் கூடாது. அவரோடு வந்தவர் நானாவின் முன்சுவரில் சிவப்புச் சாயத்தால் குறி போட்டார். நானா கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என்னைப் பார்க்காமல் போய்விட்டார். நாலு வருடம் அவரைக் கள்ளன் என்றேன். இல்லை என்று சொன்ன அதே வாயால் அவருடைய வீட்டையும் எடுத்துக்கொண்டேன். நான் பொய் சொல்லியிருக்கவேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் உண்மை சொன்னேன் என்ற ஆறுதலும் எனக்கு வரவில்லை.

வீட்டைக் கழற்ற அவர் இரண்டு வாரம் கழித்து வந்தார். கூரைத் தகடுகள், நிலைகள், ஜன்னல்கள் இவைதானே மிச்சம். மேற்பாதை இல்லாததால் எல்லாவற்றையும் என் முற்றத்தின் வழியாகத்தான் இறக்கவேண்டும். அவர் கேட்பதற்கு முன்னால் நான் குறட்டால் முட்கம்பிகளை அறுத்து, நாலு கம்புகளைப் பிடுங்கி வழி விட்டேன். அவை கையோடு வந்துவிட்டன. வேர் பிடித்திருக்கவேயில்லை. பகல் முழுக்க அவரும் இரண்டு ஆட்களும் சுமந்தார்கள். எண்ணாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. நாற்பத்திரண்டு தகடுகள், ஆறு ஜன்னல்கள், மூன்று நிலைகள். என் மனைவி சோறு கட்டிக் கொடுத்தாள். ஆட்கள் சாப்பிட்டார்கள். நானா தண்ணீர் மட்டும் குடித்தார்.

கடைசிச் சுமையை லொறியில் ஏற்றியபின் அவர் முற்றத்தில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அருகில் போனேன். சொல்லவேண்டும் என்று பல நாளாக நினைத்து வைத்திருந்த வார்த்தைகள் இருந்தன. தப்பு என்னுடையது நானா என்று மட்டும் வந்தது.

"அண்டைக்கு நீங்க செல்லாட்டி, நாளைக்கு அந்த ரூமுக்குள்ள என்ட மவளும் மருமவனும் ஈப்பாங்க. அது எனக்கு வெளங்குது" என்றார். "ஆனா ஐயா, கள்ளன்னு செல்லுமுன்ன ஒருநாளாவது என்ட வீட்டுப் பக்கம் ஏறிவந்து பாத்திருக்கலாம். எத்தன தரம் வேலியடிக்கு வந்தீங்க. ஒருக்காச்சும் தாண்டி வரல்ல."

மகளின் கல்யாணம் பற்றிக் கேட்டேன். மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லவில்லையாம். கொஞ்சம் பொறுப்போம் என்றிருக்கிறார்களாம். எவ்வளவு பொறுப்பது என்று அவர்களும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

புறப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் வேலிப்பக்கம் போய், நான் பிடுங்கிப் போட்ட நாலு கம்புகளையும் பொறுக்கினார். விடுங்கள் நானா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். திறந்து கிடந்தால் மாடு வரும் என்றார். அலவாங்கை எடுத்து நிலத்தில் ஊன்றிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்த எடத்துல நடுற? காட்டுங்க ஐயா."

பழைய குழிகள் அங்கேயே இருந்தன. ஆனால் அவை இருந்த இடம் அவருடையதா என்னுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் டேப் இருந்தது, எல்லா அளவும் தெரிந்திருந்தது. கையை நீட்ட முடியவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பழைய குழிகளை விட்டுவிட்டு, தன் காணிக்குள் ஓரடி ஏறிப் போய், அங்கே முதல் குழியைத் தோண்டத் தொடங்கினார்.